முன் சொக்குக்குப் புது ஸ்பிரிங் பூட்டியது

மட்டக்களப்பிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் தினமும் போய்வருகிறவர்களுக்கு முன் சொக் சீக்கிரம் தளர்ந்துவிடும். மாரி முடிந்த கையோடு உள் கிறவல் ரோட்டெல்லாம் குண்டும் குழியும்தான். என் பைக்கில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். பள்ளத்தில் விழுந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். ஓயில் சீல் கசியவில்லை. ஸ்பிரிங்தான் ஓய்ந்துபோயிருந்தது.

கழற்றுவது பெரிய வேலையில்லை. எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து முன் சில்லைக் கழற்றி, பிரேக் கலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பாரம் ஹோஸில் விழக்கூடாது. சொக்கின் மேல்மூடியை மட்டும், சொக்கின் கால் (இரு பக்கமும் உள்ள குழாய்களில் ஒன்று) கீழ்க் கிளாம்பில் இறுகி இருக்கும்போதே இளக்கிக்கொள்ள வேண்டும். கையில் எடுத்த பிறகு திருகினால் குழாயும் சேர்ந்து சுற்றும். கடைசிப் புரியில் ஸ்பிரிங் மூடியை எத்தும், உள்ளங்கையால் அமத்திப் பிடிக்க வேண்டும்.

உள்ளேயிருந்து வந்த ஓயில் சாம்பல் நிறம், கருவாட்டு நாற்றம்.

புது ஓயிலை இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றுவதுதான் இங்கே வழக்கம். பழையது எவ்வளவு உள்ளே தங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஸ்பிரிங் போடாமல் சொக்கின் காலை முழுக்க அமத்தி, குமிழ் அடங்கும்வரை ஏற்றி இறக்கி, மேல் விளிம்பிலிருந்து ஓயில் மட்டம் வரை அளப்பதே சரி. மேலே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஓயில் கூடினால் காற்று குறைந்து, ஆழப் பள்ளத்தில் சொக் விறைக்கும், சீலும் தாங்காது.

பாமசியில் வாங்கிய சிறிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி, மெனுவலில் சொன்ன ஆழத்துக்கு அடையாளம் வைத்து இறக்கினேன். கொஞ்சம் கூட ஊற்றிவிட்டு, காற்று வரும்வரை உறிஞ்சினால் இரண்டு காலும் ஒரே மட்டம். பக்கத்து வளவு பாஸ் பார்த்துவிட்டு, "ஏன் மனே இவ்வளவு வில்லங்கம், கண்மட்டத்துக்கு ஊத்தன்" என்றார். சொல்லிவிட்டு அவரே குழாயைப் பிடித்தும் தந்தார்.

புது ஸ்பிரிங் பழையதைவிட நீளம். அதன் மேலே பழைய ஸ்பேசரை (ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் இடையில் வைக்கும் குழாய்த் துண்டை) அப்படியே வைத்தால் மூடி பூட்டும்போதே ஸ்பிரிங் அரைவாசி நெரிந்துவிடும். பிவிசி குழாயில் குட்டையாக, வாய் கோணாமல் வெட்டிப் போட்டேன். ஆள் ஏறி உட்கார்ந்தால், சொக் ஏறி இறங்கும் முழு ஓட்டத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே முன்பக்கம் இறங்க வேண்டும்: ஓட்டம் 120 மில்லிமீற்றர் என்றால் 30 முதல் 40 வரை. உள்குழாயில் ஒரு கேபிள் டை கட்டினால் அது நிற்கும் இடமே கணக்கைச் சொல்லிவிடும்.

சில்லைப் பூட்டி, அச்சை நெரிக்கும் போல்ட்டை இறுக்குமுன் ஹேண்டிலைப் பிடித்து நன்றாகக் குத்திக் குத்தி எடுத்தேன். அப்போதுதான் இரண்டு காலும் நேராக அமரும்.

இப்போது பிரேக்கில் மூக்கு குத்துவதில்லை. முன்பக்கம் உயர்ந்ததில் ஹெட்லைட்டும் மேலே ஏறிவிட்டது. கல்லடிப் பாலத்தில் எதிரே வந்த ஓட்டோக்காரர்கள் லைட் அடித்துக் காட்டினார்கள். ஸ்குரூ டிரைவரால் அதையும் இறக்கிவிட்டேன்.