உறுதிப் பத்திரம் தொலைந்த பிறகும் மயிலிட்டிக் காணியை மீட்டோம்

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக்குத் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் காணி கைக்கு வந்துவிட்டது, ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை.

போரால் 1990 ஜூனில் எங்கள் ஊரான மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். 2002 போர்நிறுத்த உடன்படிக்கையில் பள்ளிக்கூடங்களை 160 நாளுக்குள் விட வேண்டும் என்று தவணை எழுதினார்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த எங்கள் வீடுகளுக்கு அப்படி ஒரு தவணை இல்லை. மயிலிட்டித் துறைமுகமே 2017 ஜூலையில்தான் விடுபட்டது, எங்கள் துண்டு அதற்கும் பிறகு.

இந்தியாவை விட்டு வெளிக்கிடும் எக்ஸிட் பர்மிட், விமானச் சீட்டு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

காணியைப் பதியப் போன அலுவலகத்தில்தான் இடித்தது. காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், வீட்டோடு போய்விட்டது. "உறுதி இல்லாமல் என்னெண்டு அம்மா பதியிறது? கொண்டு வாங்கோ" என்ற எழுதுவினைஞர், பிரதி எங்கே எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையிலிருந்து வாங்கில் இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் நின்ற ஒரு ஐயாதான் வழி காட்டினார்: "நொத்தாரிசு (நோட்டரி) முடிக்கிற உறுதிக்கு ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும் பிள்ளை. அங்கை தேடு."

சரி, அங்கே போனால் உறுதி இலக்கம் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. பெரியப்பாவின் உறுதி கனடாவில் பத்திரமாக இருந்தது நல்லகாலம். அவருடையதும் எங்களுடையதும் ஒரே முதுசக் (பரம்பரைக்) காணியைப் பிரித்தவை. அதிலிருந்த பதிவுக் குறிப்பைப் பிடித்துத் தேடியதில் அப்பாவின் பெயர் கிடைத்தது. நான்கு எல்லை, பரப்பளவு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் அந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தன. அங்கேயே அழுதுவிட்டேன். சொந்தக்காரர், பக்கத்துக் காணிக்காரர் ஆகியோரின் உறுதிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இப்போதே கேளுங்கள்.

அடுத்தது பெயர். அப்பா முகாமில் காலமானார். தமிழ்நாட்டு இறப்புச் சான்றிதழில் அவருக்கு ஓர் இனிஷியல்தான். உறுதியில் தாத்தாவின் முழுப் பெயர் முன்னால் நிற்கிறது. "இது வேறை ஆள்" என்று பத்திரக் கட்டை அப்படியே திருப்பித் தந்தார்கள். பெற்ற தகப்பனை வேறு ஆள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்டிருக்க வேண்டியிருந்தது. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி (அஃபிடவிட்), கிராம சேவையாளரின் கடிதம், அம்மாவின் விவாகப் பதிவு மூன்றையும் வைத்த பிறகே ஒத்துக்கொண்டார்கள். முகாமில் இருப்பவர்கள் பெயர் வித்தியாசங்களை அங்கேயே திருத்தி எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்தபின் அது பெரிய அலைச்சல்.

வேலியும் பனையும் வீடும் இல்லாத வெளியில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. அயலவர்கள் வந்து நிற்க, நில அளவையாளர் கிணற்றிலிருந்து அளந்து எல்லை போட்டார். அயலவர் இல்லாமல் அளக்க விடாதீர்கள், பிறகு சண்டை வரும்.

உங்கள் காணியில் வேறொருவர் குடியிருந்தால் உடனே சட்டத்தரணியைப் பாருங்கள். பத்து வருடம் அனுபவித்து வந்ததைக் காட்டி உரிமை கேட்பார்கள். போரால் வழக்கு வைக்க முடியாதவர்களுக்காக 2016இல் சிறப்புச் சட்டம் வந்தது, ஆனால் அதன் அவகாசம் இரண்டே வருடமாக இருந்தது. முகாமில் எங்களுக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை.

தம்பி இன்னும் முகாமில்தான். அவன் பங்குக்கு அற்றோணித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் போய்க் கையெழுத்து வைக்க அவனுக்கு முகாமில் அனுமதி கொடுக்க வேண்டும். இப்போது அதற்குத்தான் காத்திருக்கிறோம்.