மாருதி 1000-க்கு ஒரு சர்ஜ் டேங்க்: பட்டறை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2025, சனி

எஞ்சின் மாற்றிய வேலையில் இனி குறை என்று சொல்ல ஒன்றுதான் பாக்கி. 970 சிசி கார்புரேட்டர் எஞ்சின் இருந்த இடத்தில் பழைய பலேனோவின் 1590 சிசி, 16 வால்வு எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. 94 குதிரைத்திறன். நேர் பாதையில் வண்டி பறக்கிறது. ஆனால் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில், டேங்கில் கால்வாசிக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது, நீளமான வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இருமுகிறது. டேஷ்போர்டில் மாட்டியிருக்கும் பெட்ரோல் பிரஷர் மீட்டர் 3 பாரிலிருந்து 1 பாருக்கு விழுந்து, பிறகு எழுகிறது.

காரணம் தெரிந்ததுதான். 0.8 ஜி பக்கவாட்டு விசையில் (புவியீர்ப்பில் 0.8 பங்கு) வளைந்தால் டேங்குக்குள் பெட்ரோலின் மேல்மட்டம் ஏறக்குறைய 39 டிகிரி சாய்ந்துவிடும். உறிஞ்சும் குழாய் காற்றில் தொங்கும். கார்புரேட்டர் இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்த நாலைந்து நொடியைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு அந்தக் கிண்ணம் கிடையாது. பம்ப் காற்றை இழுத்தால் காற்றேதான் இன்ஜெக்டருக்குப் போகும். முழு லோடில் பெட்ரோல் குறைந்தால் வெறும் இருமலோடு நிற்காது, பிஸ்டனுக்கே ஆபத்து.

அதனால் இனி கால் டேங்குக்குக் கீழே ஓட்டுவதில்லை. மெயின் டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே எப்போதும் நிறைந்தே இருக்கும் ஒரு சின்ன டேங்க், அதாவது சர்ஜ் டேங்க், செய்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் காபியோடு கணக்கு. பெட்ரோல் எஞ்சின் முழு லோடில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 230 கிராம் குடிக்கும். 94-க்கு 21 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது ஏறக்குறைய 29 லிட்டர். நிமிடத்துக்கு அரை லிட்டர் கூட வரவில்லை. ஆறு நொடி வளைவு ஒன்றில் எஞ்சின் குடிப்பது 50 மில்லி.

"டேங்க் எத்தனை லிட்டர் வைக்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று லிட்டர், ஐந்து லிட்டர் என்று டிக்கியை அடைக்கிறார்கள். 50 மில்லிக்கு எதற்கு ஐந்து லிட்டர்? பம்ப் மணிக்கு 120 லிட்டர் தள்ளுவதால், டேங்கும் அந்த வேகத்தில் காலியாகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயிலிருந்து மிச்சமாகத் திரும்பி வரும் ரிட்டர்னை மெயின் டேங்குக்கே விட்டால் அது உண்மைதான், நான் செய்ய நினைக்கும் 1.7 லிட்டர் டேங்க் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ரிட்டர்னை சர்ஜ் டேங்குக்கே திருப்பிவிட்டால் எஞ்சின் எரிப்பது மட்டும்தான் குறையும். மூன்றரை நிமிடம் வரும். அந்த நேரத்தில் டிராக்கை ஒரு சுற்றுக்கு மேலேயே சுற்றிவிடலாம்.

ஆக, கொள்ளளவு பெரிய விஷயமில்லை. உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் மொத்த டிசைனும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் உக்கடம் போய் அலுமினிய பைப் துண்டு வாங்கினேன். 6063 அலாய், வெளி விட்டம் 100 மி.மீ., சுவர் 3 மி.மீ. 250 மி.மீ. உயரத்துக்கு வெட்டினால் 1.7 லிட்டர் பிடிக்கும். மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் தகடு.

தகட்டை மடித்துப் பெட்டி வடிவத்திலும் செய்யலாம், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெல்டிங் நீளம் அதிகமாகும். மூலைக்கு மூலை காற்று ஒளிந்துகொள்ளும். உருளையே போதும்.

பம்ப் விஷயத்தில் நண்பர்களோடு சண்டை. ஆளாளுக்கு "போஷ் 044 போடு" என்கிறார்கள். டர்போ வைத்து 400, 500 குதிரைத்திறன் எடுப்பவர்களுக்கு அது சரி. 94 குதிரைத்திறனுக்கு அதைப் போட்டால் தேவைக்குப் பல மடங்கு பெட்ரோல் சும்மா சுற்றிச் சுற்றிச் சூடாகும், ஆல்டர்னேட்டருக்கும் வீண் சுமை. இப்போது இருக்கும் 120 லிட்டர் இன்லைன் பம்பே தொடரும். மெயின் டேங்கிலிருந்து இழுக்க மட்டும் குறைந்த அழுத்தத்தில் ஓடும் சின்ன எலக்ட்ரிக் பம்ப் ஒன்று, அதுதான் லிஃப்ட் பம்ப்.

ஆகஸ்ட் 16, சனி

ஆவாரம்பாளையத்தில் லேத். நாலு ஃபிட்டிங் பொட்டு, அதாவது ஹோஸ் ஃபிட்டிங்கைத் திருக டேங்கில் வெல்ட் செய்யும் மரை வளையம், கடைய வேண்டும். கீழே பம்புக்குப் போகும் வாய் மட்டும் ஏஎன் 8 ஃபிட்டிங் அளவு, அதாவது 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. மற்ற மூன்றும் ஏஎன் 6, 9/16 அங்குலம், 18 மரை. மரை வெட்டும் டேப் இந்த அளவில் பட்டறையில் இல்லை.

"டேப் எதுக்குங்க தம்பி, கியர் மாத்திப் போட்டு லேத்துலயே மரை வெட்டித் தாறேன். சாம்பிள் நட்டு ஒண்ணு மட்டும் குடுங்க" என்றார் லேத்துக்காரர்.

ஃபிட்டிங்கையே கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஃபிட்டிங்கைத் திருகிப் பார்த்து, கடைசி வெட்டில் காகிதத் தடிமன்கூட ஆட்டம் இல்லாமல் இறக்கினார். எல்லாம் ஓ-ரிங் உட்காரும் வாய்கள். டெஃப்லான் டேப் சுற்றும் பேச்சுக்கே இடமில்லை. பெட்ரோல் லைனில் டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் நூல் பிய்ந்துபோய் ஃபில்டரிலோ இன்ஜெக்டரிலோ அடைக்கும்.

மேல் மூடியின் உள்பக்கத்தைத் தட்டையாக விடவில்லை. நடுவை நோக்கி 3 மி.மீ. ஏறும் கூம்பு போலக் கடையச் சொன்னேன். கூம்பின் உச்சியில், காற்றும் மிஞ்சும் பெட்ரோலும் மெயின் டேங்குக்குத் திரும்பும் ஓவர்ஃப்ளோ வாய். குமிழி எங்கே கிளம்பினாலும் சரிவோடு ஏறி அங்கேதான் வந்து சேர வேண்டும். லேத்தில் அரை மணி நேர வேலைதான், ஆனால் இந்த டேங்கில் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் இதுதான்.

லிஃப்ட் பம்பிலிருந்து வரும் வாய் நடு உயரத்தில். ரெயில் ரிட்டர்ன் மேல் மூன்றில் ஒரு பாகத்தில், சுவரைத் தழுவி உள்ளே நுழையும்படி சாய்வாக. நேராக நுழைந்தால் நுரை கீழே அடித்து பம்ப் வாய்க்கே போய்விடும். சுவரோரம் சுழன்று இறங்கினால் குமிழிக்கு மேலே ஏற அவகாசம் கிடைக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

ஆர்கான் வெல்டிங். கணபதியில் இருக்கும் வெல்டர் அண்ணன் பெட்ரோல் டேங்க் என்றதும் முதலில் கேட்டது: "பழசா, புதுசா?" பெட்ரோல் பட்ட டேங்க் என்றால் தொட மாட்டார். கழுவிக் காயவைத்த டேங்குக்குள் தங்கியிருக்கும் ஆவியே வெடிக்கப் போதும். இது புதுசு என்று உள்ளே விரல் விட்டு முகர்ந்து பார்த்த பிறகுதான் மெஷினை ஆன் செய்தார்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே படிந்திருக்கும் ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டினால்தான் உருகும். அதனால் அசிட்டோன் துடைப்பு, ஸ்டெயின்லெஸ் பிரஷ், ஏசி கரன்ட். ஃபில்லர் கம்பி 5356. பொட்டுகளுக்குள் பழைய ஃபிட்டிங்கைத் திருகி வைத்துக்கொண்டு சுற்றிலும் அடித்தார். "வெறுமனே அடிச்சா மரை கோணிக்கும், அப்புறம் லேத்துக்காரனைத் திட்டுவீங்க" என்று சிரித்தார். மூடியை நாலு பக்கமும் புள்ளியாக டேக் அடித்து, ஒரே மூச்சில் சுற்றாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். வெல்ட் வரிசை கோழிக்கால் தையல் மாதிரி சீராக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லீக் டெஸ்ட். வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் அரை பார் காற்று மட்டும் ஏற்றி வாளித் தண்ணீரில் முக்கினேன். இதற்கு மேல் காற்று ஏற்றுவது மடத்தனம். உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்தால் கிழிந்தாலும் பிசுக்கென்று போகும், காற்று என்றால் மூடி பறக்கும். ரிட்டர்ன் பொட்டின் அடியில் ஊசி முனை அளவில் ஒரு இடத்தில் குமிழி வரிசையாகக் கிளம்பியது. மார்க்கரால் வட்டம் போட்டாயிற்று. நாளை சாயங்காலம் அண்ணன் அதை அரைத்துத் திரும்ப அடித்துத் தருகிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. பட்டறை எல்லாம் லீவு. டேங்க் லீக் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டது. கொழுக்கட்டை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று முழுக்க ஹோஸும் வயரும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் எதையும் திரும்பப் பயன்படுத்தவில்லை, எத்தனால் பட்டால் அது வீங்கி உள்ளே உதிரும். இன்ஜெக்ஷனுக்கான, 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ்தான். கிளிப்பும் பல் வெட்டும் வகை இல்லை, முழு வளையமாகக் கவ்வும் இன்ஜெக்ஷன் கிளிப்.

ஓவர்ஃப்ளோவை வண்டியில் ஏற்கனவே இருக்கும் மெல்லிய ரிட்டர்ன் குழாயில் கொடுத்தால் வேலை சுலபம். கொடுக்கவில்லை. லிஃப்ட் பம்ப் தள்ளுவது அந்தக் குழாயில் போகத் திணறினால் சர்ஜ் டேங்குக்குள் அழுத்தம் ஏறும், ரெயில் ரிட்டர்ன் அதை எதிர்த்துத் தள்ள வேண்டிவரும், கடைசியில் ரெயில் அழுத்தமும் ஏறும். 8 மி.மீ. உள்விட்டத்தில் புது லைன் இழுத்து மெயின் டேங்கின் மேல் பக்கத்தில் சேர்த்தாயிற்று.

டேங்க் டிக்கியில் இடது மூலையில், பம்ப் அதற்குக் கீழே. பெட்ரோல் தானாக இறங்கி பம்ப் வாயை நிறைக்கும். இந்த வகை பம்ப் தள்ளுவதில் சூரன், உறிஞ்சச் சொன்னால் சோம்பேறி. பின்சீட்டுக்குப் பின்னால் வெறும் அட்டைதான் இருந்தது. அங்கே எஃகுத் தகடு அடித்து, ஓட்டைகளைச் சீல் செய்தேன். இரண்டு பம்புக்கும் தனித்தனி ரிலே, ஃபியூஸ். இரண்டு ரிலேயையும் இயக்குவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு. மோதினால் இரண்டையும் அணைக்க ஒரு இனர்ஷியா சுவிட்ச்.

ஆர்சியில் எஞ்சின் மாற்றம் ஏறும் வேலை ஆர்டிஓ அலுவலகத்தில் நடக்கிறது. அதுவரை வண்டி டிராக்குக்கு டெம்போவில்தான் போகும்.

செப்டம்பர் 6, சனி

முதலில் லிஃப்ட் பம்ப் மட்டும். ஓவர்ஃப்ளோ லைனில் சோதனைக்காகக் கண்ணாடி போலத் தெரியும் ஹோஸ் ஒரு முழம் போட்டிருந்தேன். காற்று, நுரை, பெரிய குமிழி, சின்ன குமிழி, அப்புறம் சுத்தமான பெட்ரோல். அளவுக் கேனில் பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 1.3 லிட்டர், மணிக்கு 78. எஞ்சினுக்கு வேண்டியது 29. மெயின் டேங்க் பாதி நேரம் காற்றையே கொடுத்தாலும் சர்ஜ் டேங்க் நிறைந்தே இருக்கும்.

பிறகு எஞ்சின். முதல் சுற்றிலேயே பிடித்தது. ஐடிலில் ரிட்டர்ன் நுரையோடு வருகிறது, ஆனால் ஓவர்ஃப்ளோவில் குமிழி இடைவிடாமல் வெளியேறுவது கண்ணுக்குத் தெரிகிறது. கூம்பு மூடி வேலை செய்கிறது. பார்த்து முடித்ததும் சோதனை ஹோஸைக் கழற்றிவிட்டு நல்ல ஹோஸ் மாட்டினேன். அந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலில் சில வாரத்தில் கட்டையாகிவிடும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செட்டிபாளையம். வேண்டுமென்றே எட்டு லிட்டர் பெட்ரோலோடு இறக்கினேன். அதே நீள வளைவு, அதே கியர். வளைவின் நடுவில் டிக்கியிலிருந்து லிஃப்ட் பம்பின் சத்தம் கரகரவென்று மாறியது, காற்றை மெல்கிறது. மீட்டர் முள் 3 பாரில் அப்படியே நின்றது. வெளியே வரும்போது மிதித்தேன். இழுத்தது.

டேங்கில் மீட்டர் சிவப்பைத் தொடும்வரை ஓட்டினேன், ஒரு முறைகூட இருமவில்லை. நின்றதும் சர்ஜ் டேங்கில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். லிஃப்ட் பம்ப் கொண்டுவரும் குளிர்ந்த பெட்ரோல் ரிட்டர்னின் சூட்டை ஓவர்ஃப்ளோ வழியாக மெயின் டேங்குக்குத் தள்ளிவிடுகிறது. எட்டு லிட்டருக்கே இந்த நிலை என்றால் பெரிய பம்ப் போடச் சொன்னவர்களுக்கு இனி பதில் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கி: லிஃப்ட் பம்புக்கு ரப்பர் மவுண்ட். எஃகுத் தகட்டில் நேராக போல்ட் போட்டிருப்பதால் ஹெல்மெட்டுக்குள்ளும் இரைச்சல் கேட்கிறது. லிஃப்ட் பம்புக்கு முன்னால் இருக்கும் 100 மைக்ரான் ஃபில்டரையும் திறந்து பார்க்க வேண்டும். பழைய டேங்க், எத்தனால் வேறு, அடியில் இருக்கும் துரு எல்லாம் கிளம்பி வரும்.