மைக்ரோவேவ்ல வெச்ச கிண்ணம்

போன வாரம் என்னோட வாஜிமா கிண்ணத்த, அதான் ஜப்பான்ல வாஜிமாங்கற ஊர்ல உருஷி பூசி செய்யற மரக் கிண்ணத்த, மைக்ரோவேவ்ல வெச்சுத் தொலைச்சேன். தூக்கக் கலக்கம், சாம்பார் சுட வெக்கணும், கைக்கு அகப்பட்டது அதுதான். எடுத்துப் பாத்தா விளிம்புல பூச்சு கொப்புளிச்சு நிக்குது. உள்ள சிவப்பு, வெளிய கருப்பு, இங்க ஜப்பான்ல கனசாவா ஊருக்கு வந்த புதுசுல மனச கல்லாக்கிட்டு காசு குடுத்து வாங்கினது.

கெடுத்த பிறகுதான் அது என்னன்னே ஒழுங்கா படிச்சேன். அதுல பூசற உருஷிங்கறது ஒரு மரத்தோட பால். பத்து பதினஞ்சு வருஷம் வளந்த மரத்த ஜூன்லேர்ந்து கீறிக் கீறி எடுத்தாலும் ஒரு மரத்துக்கு சுமார் 200 கிராம் தான், அதோட மரத்த வெட்டிடுவாங்க, அடிலேர்ந்து மறுபடி துளிர்க்கும். பச்சையா தோல்ல பட்டா அரிச்சுப் பொத்துடும். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்து போகும்ல, முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டா கை பொத்துப்போகும்ல, எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கதான்! இறுகிட்டா ஒண்ணும் பண்ணாது, தைரியமா வாய் வெச்சுக் குடிக்கலாம்.

வேடிக்க என்னன்னா இது வெயில்ல காயற பெயிண்ட் இல்ல, காய ஈரம் வேணும். பூசின கிண்ணத்த ஈரம் ஏத்தின மர அலமாரிக்குள்ள வெச்சு மூடிடறாங்க, பால்ல இருக்கற என்சைம் ஈரக் காத்துலதான் வேல செஞ்சு அத இறுக்குது. நமக்கு துணி காயாத அடைமழை நாள்தான் இவங்களுக்கு நல்ல நாள் போல.

வாஜிமால இன்னொண்ணு, விளிம்புதான் முதல்ல அடிபடும்னு அங்க உருஷி தொட்டு துணி ஒட்டறாங்க, அதுமேல அந்த ஊர் மண்ண சுட்டுப் பொடிச்சு உருஷில கொழச்சு அடிப்பூச்சா பூசி, தேச்சு, திரும்பப் பூசின்னு நூறுக்கு மேல படிகள். அவ்வளவு பாத்துப் பாத்து பலப்படுத்தின விளிம்பத்தான் நான் அரை நிமிஷத்துல காலி பண்ணிருக்கேன்.

உருஷி கிண்ணத்தோட நிக்கல, தூண், தரைன்னு வீட்டு மரத்துக்கும் தேய்ப்பாங்க. ஹிராய்ஸூமிங்கற ஊர்ல 1124ல கட்டின கொன்ஜிகிதோ மண்டபத்துல தங்கத் தகடு ஒட்டியிருக்கறதே உருஷி மேலதான்.

ரிப்பேர் பண்ணலாமாம், கடைல கேட்டேன், மாசக்கணக்குல ஆகும்னாங்க. 2024 ஜனவரி 1 பூகம்பத்துல வாஜிமால பட்டறைங்க இடிஞ்சும் எரிஞ்சும் போச்சு, அத நெனச்சா அவசரப்படுத்த வாய் வரல. குடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த மரக் கிண்ணத்துல கொதிக்கற மிசோ சூப்ப ஊத்தி வெறும் கையால தூக்கிக் குடிப்பேன், கைக்கு இதமாத்தான் இருக்கும். இப்போ எவர்சில்வர் கிண்ணத்துல, கரித்துணி வெச்சுப் புடிச்சுக்கிட்டு.