மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொகுதி

வரைபடம் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. போன வாரம் பிடித்த கிறுக்கு, அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்குள் வைத்திருக்கும் அலுவலகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்ப்பது. தலைநகரில் அவர்களுக்கு இருக்கும் அறை வேறு, இது ஊருக்குள் இருப்பது. ஓட்டுநர் உரிமம் எங்கேயோ சிக்கிக்கொண்டது, வேலை போனவருக்கு வரவேண்டிய உதவித்தொகை வரவில்லை, மாநில அரசில் யாருமே போனை எடுப்பதில்லை என்றால் ஜனங்கள் கடைசியில் ஏறும் படி இதுதான். 2020-ல் கொரோனா சமயத்தில் கலிபோர்னியாவில் உதவித்தொகை வழங்கும் துறை திணறிப்போனபோது, புகார் எல்லாம் வந்து குவிந்தது இந்தத் தொகுதி அலுவலகங்களில்தான்.

சரி, கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 80 பேர், மேலவையான செனட்டில் 40 பேர். கிட்டத்தட்ட நாலு கோடி ஜனங்களை 40-ஆல் வகுத்தால் ஒரு செனட்டருக்குப் பத்து லட்சம் பேர் வருகிறது. வாஷிங்டனுக்குப் போகிற பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்குக்கூட அவ்வளவு பேர் கிடையாது, சுமார் ஏழரை லட்சம்தான்! வரைபடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அலுவலகங்கள் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும், கிழக்கே நெவாடா எல்லைப் பக்கம் போனால் வெறிச்சென்று கிடக்கும். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, ஜனம் எங்கேயோ அங்கேதானே அலுவலகம் இருக்கும்.

ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. செனட்டின் 4-வது தொகுதியைப் பாருங்கள். சியரா நெவாடா மலைத்தொடருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மேற்கே சமவெளியில் மொடெஸ்டோ, பெரிய நகரம். கிழக்கே மலைக்கு அந்தப் பக்கம் மோனோ, இன்யோ கவுன்ட்டிகள், கவுன்ட்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மலை உச்சியை ஒட்டி ஆல்பைன் கவுன்ட்டி, 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 1,204 பேர், ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் மொத்தக் கவுன்ட்டியையும் உட்கார வைத்துவிடலாம். மூன்றையும் கூட்டினால் சுமார் 33,000 பேர், பத்து லட்சம் பேர் உள்ள தொகுதியில் அது மூன்று சொச்சம் சதவீதம். இந்தத் தொகுதியில் நீங்கள் செனட்டராக இருந்தால் அலுவலகத்தை எங்கே வைப்பீர்கள்?

மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் இன்யோவில் இருக்கும் பிஷப் என்கிற ஊருக்கும் மொடெஸ்டோவுக்கும் தூரம் ரொம்பத் தெரியாது. ஆனால் நடுவில் நிற்பது மலை. டியோகா கணவாய் 9,943 அடி உயரம், சோனோரா கணவாய் 9,600 அடிக்கு மேல், இரண்டும் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், மே, ஜூன் வரைகூட திறக்காத வருடங்கள் உண்டு. அந்த மாதங்களில் வடக்கே டாஹோ ஏரிப் பக்கம் போய் இறங்க வேண்டும், இல்லையென்றால் தெற்கே டெஹாச்சப்பி வழியாகச் சுற்ற வேண்டும். ஆக, ஆகஸ்ட் மாதம் ஒரு தொலைவில் இருக்கும் அலுவலகம் ஜனவரியில் வேறொரு தொலைவுக்குப் போய்விடுகிறது. என் புள்ளிகளில் இது எதுவும் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இதே மூன்று கவுன்ட்டிகளுக்கு, இந்த ஆல்பைன், மோனோ, இன்யோவுக்கு மட்டும், ஒரு காலத்தில் தனியாக ஒரு செனட்டர் இருந்தார். 1960 கணக்கெடுப்பில் மூன்றிலும் சேர்ந்து சுமார் 14,000 பேர். அதே சமயம் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் 60 லட்சம் பேருக்கும் ஒரே ஒரு செனட்டர்! 400 மடங்குக்கும் மேல் வித்தியாசம். 1964-ல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி ஏற்பாட்டுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. வந்தது அலபாமா வழக்கு, அடி விழுந்தது எல்லா மாநிலங்களுக்கும். சட்டமன்ற உறுப்பினர்கள் பிரதிநிதித்துவம் செய்வது மக்களை, மரங்களையோ ஏக்கர்களையோ அல்ல என்று எழுதினார் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். அவர் யார் தெரியுமா, கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர்.

தீர்ப்பு நியாயம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. 14,000 பேரும் 60 லட்சம் பேரும் சமம் என்று சொல்வதற்கு வாய் கூசும். ஆனால் ஓட்டின் மதிப்பைச் சமமாக்கிவிட்டார்கள், கதவைத் தட்டப் போகும் தூரத்தைச் சமமாக்க முடியவில்லை. செனட்டர்கள் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக அலுவலகம் திறக்கிறார்கள், ஊழியரை அனுப்பி மாதத்தில் ஒரு நாள் ஏதாவது நூலகத்தில் மேஜை போட்டு உட்கார வைக்கிறார்கள். அந்த மேஜை எந்த வரைபடத்திலும் வராது, ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதுதான் அலுவலகம்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை எல்லைகளை மாற்றி வரையும்போது இன்னும் குழப்பம். கலிபோர்னியாவில் செனட்டர்கள் பாதிப் பாதியாகத்தான் தேர்தலைச் சந்திப்பார்கள், அதனால் கோடு மாறியதும் சில பகுதிகள் இரண்டு வருடத்துக்கு, தாங்கள் தேர்ந்தெடுத்த செனட்டர் என்று யாருமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். அவர்களைக் கவனித்துக்கொள்ள இன்னார் என்று செனட்டின் விதிகள் குழு ஒருவரை ஒதுக்கிக் கொடுக்கும். ஓட்டே போடாதவரின் அலுவலகத்துக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எனக்குப் பிடித்தது அலாஸ்கா செய்த ஏற்பாடு. அங்கே வடக்கும் மேற்கும் சேர்ந்த செனட் தொகுதியில் நோம், காட்ஸபியூ, உட்கியாவிக் என்று ஊர்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையே கிடையாது, விமானம்தான். தலைநகர் ஜூனோவுக்கும் காரில் போக முடியாது. அதனால் சட்டமன்றமே இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் தகவல் அலுவலகம் வைத்திருக்கிறது. உறுப்பினர் யாராக இருந்தாலும் அலுவலகம் அங்கேயே இருக்கும், குழுக் கூட்டத்தில் பேச வேண்டுமா, அங்கிருந்தே தொலைபேசியில் பேசலாம்.

நியூ ஹாம்ப்ஷயரில் கதையே தலைகீழ். கீழவையில் மட்டும் 400 பேர், ஒருவருக்குச் சுமார் 3,400 ஜனங்கள், வருடச் சம்பளம் 100 டாலர். மாநிலம் கொடுக்கும் தொகுதி அலுவலகமும் கிடையாது, ஊழியரும் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத்தான் போன் போடணும். என் வரைபடத்தில் அந்த மாநிலம் சுத்தமாகக் காலியாக இருந்தது, நான்தான் அரை மணி நேரம் எங்கே தப்பு பண்ணினேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.