சஹ்யாத்ரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மும்பை செம்பூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "மராட்டிக்காரங்க என்னதான் சாப்பிடுவாங்க?" என்று கேட்டால், "எந்தப் பக்கத்து மராட்டிக்காரங்க?" என்று திருப்பிக் கேட்பேன். கொங்கணையும் தேஷையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது எனக்குப் பொறுக்காது.

நடுவில் நிற்பது சஹ்யாத்ரி, நம் மேற்குத் தொடர்ச்சி மலையேதான். மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிற ராய்கட், ரத்னகிரி, சிந்துதுர்க் எல்லாம் கொங்கண். மலையேறிக் கிழக்கே போனால் புனே, சாத்தாரா, கோலாப்பூர், சோலாப்பூர், அது தேஷ். பருவக்காற்று மலையில் முட்டி மழையை மேற்கிலேயே கொட்டிவிடும். ரத்னகிரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சோலாப்பூரில் அதில் கால் பங்கு கூடத் தேறாது. புனலூர் மழைக்கும் சங்கரன்கோவில் வெயிலுக்கும் நடுவே ஒரு மலைதானே இருக்கிறது? அதே கணக்குதான்.

இந்த மழைக்கணக்கு என் மில்லுக்குள் டப்பா டப்பாவாக வந்து இறங்கும். கொங்கண் வீட்டுப் பெண்கள் கொண்டுவருவது அரிசி. கழுவி, நிழலில் உலர்த்தி எடுத்து வருவார்கள். கல்லில் கோதுமை மாவு ஒட்டியிருக்கும் என்பதால் முதலில் ஒரு பிடி அரிசியை ஓட்டித் தள்ளச் சொல்வார்கள். பாக்ரி, அதாவது கையால் தட்டிச் சுடும் ரொட்டி, வெள்ளை வெளேரென்று வரவேண்டும். தேஷ்காரர்கள் கொண்டுவருவது சோளமும் கம்பும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரைப்பார்கள். சோள மாவு பழசானால் பிசுபிசுப்புப் போய், தட்டும்போதே ஓரம் வெடித்துவிடும். சோலாப்பூர் மாவட்டத்து மங்கள்வேடா சோளம் என்றால் தனி மரியாதை. மழை ஓய்ந்தபின் விதைத்து, கரிசல் மண் பிடித்துவைத்த ஈரத்திலேயே விளைவது அது. கொங்கணின் செம்மண் சரிவில் தண்ணீர் அப்படி நிற்காது, கடலுக்கு ஓடிவிடும்.

குழம்பும் அப்படியே பிரிகிறது. கொங்கணில் பச்சைத் தேங்காய், கோகம் என்ற பழத்தின் புளிப்பு, மீன். கோலாப்பூர்ப் பக்கம் கொப்பரை, எள், வெங்காயம் பூண்டு போட்டு இடித்த மிளகாய் மசாலா, ஆட்டுக்கறி. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் "மராட்டி மசாலா" என்று ஒரே பாக்கெட்டை வாங்கிப் போகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

மும்பைக்குப் பிழைக்க வந்த விதமும் வேறு. ரயில் இல்லாத காலத்தில் கொங்கண்காரர்கள் கடல் வழியாகக் கப்பலில் வந்து பரேல், லால்பாக் நூற்பாலைகளில் சேர்ந்தார்கள். மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களில் சாத்தாரா பக்கத்தவர்கள் நிறைய. இன்றைக்கும் கணபதி சமயத்தில் ஊருக்குப் போகும் கொங்கண் ரயிலில் கால் வைக்க இடம் கிடைக்காது. தேஷ்காரர்களுக்கோ ஆஷாட ஏகாதசிதான். பண்டரிபுரத்துக்கு நடந்தே போவார்கள். அந்தந்தச் சமயத்தில் என் வாடிக்கையாளர்களில் ஒரு பாதியைப் பார்க்கவே முடியாது.

மகாபலேஷ்வர் போனால் இன்னொன்றும் புரியும். அங்கே பிறக்கிற கிருஷ்ணா கிழக்கே இறங்கி ஆந்திரம் வரை போய் வங்கக்கடலில் சேர்கிறது. அதே மலையில் பிறக்கிற சாவித்ரி மேற்கே குதித்து, மஹாட் வழியாகக் கொஞ்ச தூரத்திலேயே அரபிக்கடலை எட்டிவிடுகிறது. கொய்னாவில் மனிதர்களே புகுந்து இதை மாற்றினார்கள். கிழக்கே போகவேண்டிய கொய்னா அணையின் தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே இறக்கி, கொங்கணில் போஃபளியில் மின்சாரம் எடுக்கிறார்கள். அப்புறம் அது வாசிஷ்டி ஆற்றோடு சிப்ளூண் பக்கம் ஓடுகிறது.

மும்பை வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாதரில் மால்வணிக் கடையில், அதாவது கொங்கண் சாப்பாட்டுக் கடையில், கோம்படி வடையும் (கோழிக்குழம்போடு தரும் பூரி போன்ற வடை) சோல்கடியும் (கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பானம்) சாப்பிடுங்கள். அந்த வடைக்கான மாவில் அரிசி, உளுந்து, மல்லி விதை, வெந்தயம் எல்லாம் இருக்கும். ரவைபோலக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கவேண்டும். மறுநாள் சோள பாக்ரியோடு கோலாப்பூர்த் தாம்ப்டா ரஸ்ஸா என்ற சிவப்புக் கறிக்குழம்பு. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடவேண்டாம்.