‘தூக்கி விட்டுடுவோம்’ என்றால் போதாது

தை பிறந்ததும் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. போலியோவில் இரண்டு காலும் வராமல் போன நான், முழங்கால் தேய்ந்த அம்மா, சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட தம்பி ஒருவன். கூடப் பிறந்த தம்பி இல்லை, அடையாள அட்டை முகாமில் வரிசையில் நின்று பழக்கம். நின்று என்றா சொன்னேன்? சரி, உட்கார்ந்து. வண்டி ஓட்ட மச்சான் வருகிறார்.

காடு என்றாலே எங்களுக்கு எதற்கு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் காட்டில் நல்ல கால் உள்ளவனும் நடக்க முடியாது. கீழே சேறு, சேற்றுக்கு மேலே பென்சிலைக் குத்தி வைத்தது போல மூச்சு வேர்கள். யாராக இருந்தாலும் படகில் உட்கார்ந்துதான் பார்க்கணும். படகுக்குள் போய்விட்டால் அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் என் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: படகுத்துறைக்கும் படகுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளி.

எந்தச் சுற்றுலா இடத்துக்குப் போன் போட்டு “வீல்சேர் வருமா?” என்று கேட்டாலும் ஒரே பதில். “தாராளமா வாங்க சார், ஆளுங்க இருக்காங்க, தூக்கி விட்டுடுவோம்.” நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அக்குளில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினால் தோள்பட்டை பிசகும். எங்களுக்குக் கைதான் கால். தோள் போச்சு என்றால் எல்லாம் போச்சு.

அதனால் ‘வருமா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். அளவுதான் கேட்கிறேன். மேடையிலிருந்து படகு விளிம்பு எத்தனை சாண் இறக்கம்? தண்ணீர் ஏறியிருக்கும்போது எவ்வளவு, வற்றியிருக்கும்போது எவ்வளவு? வண்டி நிற்கிற இடத்திலிருந்து துறை வரைக்கும் சிமெண்டா, மணலா, பலகையா? பலகை என்றால் இடுக்கு எத்தனை விரல்? இரண்டு விரல் இருந்தாலே முன் சக்கரம் உள்ளே இறங்கி, ஆள் குப்புற விழ வேண்டியதுதான். வழியில் ரொம்பக் குறுகலான இடம் எது? என் வீல்சேர் அகலம் 25 அங்குலம். ஒரு ஊர்ப் பூங்காவில் அழகாகச் சாய்தளம் கட்டிவிட்டு, பைக் ஏறாமல் இருக்க அதன் வாயிலேயே இரும்புக் கம்பி நட்டு வைத்திருந்தார்கள். பைக்கோடு சேர்த்து நானும் வெளியே.

அளவு சொல்லத் தெரியவில்லை என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் படி பக்கத்தில் நிறுத்தி வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு வந்துவிடும். ஆனால் படம் இந்த வருஷத்துப் படமாக இருக்கணும். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்திவிட்டது. கடலோரத்தில் மழைக்காலத்துக்கு முன்னால் இருந்தது அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. இதையெல்லாம் கேட்கக் கூச்சமும் வேண்டாம். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமை என்றுதான் சொல்கிறது, தயவு என்று இல்லை.

சாய்தளத்துக்குப் பொதுக் கணக்கு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டு சாண் இறக்கம் என்றால் பதினெட்டு அடிப் பலகை வேண்டும். படகுத்துறையில் அதற்கு எங்கே போவது? அதனால் எங்கள் திட்டம் வேறு. லைஃப் ஜாக்கெட்டை வீல்சேரிலேயே மாட்டிக்கொள்வது. அப்புறம் மேடையில் ஒரு மெத்தையைப் போட்டு அதில் இறங்கி உட்கார்ந்து, விளிம்பு வரை நகர்ந்து, படகுப் பலகைக்கு மாறுவது. ஒருவர் படகை மேடையோடு அணைத்துப் பிடிக்கணும், ஒருவர் எங்கள் இடுப்புப் பட்டையைப் பிடிக்கணும். தூக்க யாரும் வேண்டாம். மேடையும் படகும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிற நேரம் எது என்று படகுக்காரரைக் கேட்டு, அதை வைத்துத்தான் ராமநாதபுரத்தில் கிளம்பும் நேரம்.

வெயிலை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டி உப்பூர் வரும், அங்கே இருப்பவர் வெயிலுகந்த விநாயகர். அவருக்கு உகந்தது தம்பிக்கு ஆகாது. அவனுக்கு அடிபட்டது மேல்முதுகில். அதற்குக் கீழே உடம்பு வியர்க்காது, சூடு உள்ளேயே ஏறும். போதாததற்குச் சுரணையும் இல்லை. வெயிலில் காய்ந்த ஃபைபர் பலகையில் சும்மா உட்கார்ந்தால் தோல் வெந்தது கூடத் தெரியாது; வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். அதனால் காலையிலேயே படகு, அவனுக்குக் காற்றுமெத்தை, கழுத்துக்கு ஈரத்துண்டு.

கழிப்பறை அங்கே எப்படி இருந்தாலும் சரி என்று வண்டியிலேயே ஏற்பாடு செய்துவிட்டோம். பக்கக் கதவு இழுத்துத் திறக்கிற வேன், உள்ளே ஒரு திரை, அம்மாவுக்கு மடக்குக் கமோடு நாற்காலி. தம்பி டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கவும் சுத்தமான இடம் வேண்டும். இதற்குப் பயந்தே முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களை எனக்குத் தெரியும். அதைவிட மோசமான யோசனை கிடையாது.

உள்ளே போனதும் படகை ஒரு வெண்கண்டல் மரத்தை ஒட்டி நிறுத்தச் சொல்லணும். இலையைத் திருப்பி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. பூநாரை வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இறக்கம் ரொம்ப அதிகம் என்று தெரிந்தால் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் போவதாக இருக்கிறோம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2025-இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம், ராமநாதபுரத்தை ஒட்டியே இருக்கிறது. வண்டியை விட்டு இறங்காமல் எவ்வளவு பார்க்கலாம் என்று மச்சானைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். அம்மா மட்டும் இதற்குச் சம்மதிக்கவில்லை. கண்மாய்க்கரையில் நண்டுக் குழம்பு கிடைக்காதாம்.