விழுந்த சர்வரும் தாமதிக்கும் சர்வரும்

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வரவேண்டும், அவற்றுள் சில இடையிலேயே செயலிழந்து போகலாம் என்னும் சிக்கலில், செயலிழப்பைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. விழுந்துவிட்ட சர்வரையும், பதில் அனுப்பத் தாமதிக்கும் சர்வரையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. செய்தி வந்துசேர ஆகும் நேரத்துக்கு உறுதியான வரம்பு இருந்தால், 2 சர்வர்கள் வரை விழுந்தாலும் 3 சுற்றுச் செய்திகளில் முடிவெடுத்துவிடலாம். அந்த வரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு சர்வர் விழக்கூடும் என்றாலும், கட்டாயம் முடிவை எட்டும் என்று உறுதிதரும் அல்காரிதம், தற்செயல் தேர்வின் துணையின்றி, இருக்கவே முடியாது என்று கணினி அறிவியலாளர்கள் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகியோர் 1985-இல் நிறுவினர். இதைக் கேட்டவுடன் பலரும் கைவிரித்துவிடுகிறார்கள், அது தேவையற்றது. முரணான இரு முடிவுகள் எழாமல் காப்பது எப்போதும் இயலும். முடிவு வந்தே தீரும் என்பதற்குத்தான் உத்தரவாதமில்லை.

லெஸ்லி லாம்போர்ட் 1998-இல் வெளியிட்ட பேக்ஸாஸ் என்னும் அல்காரிதம் அந்தக் காப்பைப் பெரும்பான்மையின் மீது கட்டுகிறது. ஐந்து சர்வர்களில் எந்த மூன்றைச் சேர்த்தாலும், வேறு எந்த மூன்றோடும் குறைந்தது ஒன்றேனும் பொதுவாக இருக்கும். அ, ஆ, இ, ஈ, உ என்ற ஐந்தில், 'அ' 1-ஆம் எண்ணிட்டு 'சிவப்பு' என்று முன்மொழிய, அதுவும் 'ஆ'வும் ஏற்றபின் 'அ' விழுந்துவிட்டது என்று கொள்வோம். 'இ' ஏற்றதா என்பது எவருக்கும் தெரியாது. இப்போது 'நீலம்' வேண்டும் என்று நினைக்கும் 'உ', தன்னோடு சேர்த்து மூன்றாகும்படி, இதுவரை எதையேனும் ஏற்றீர்களா என்று 2-ஆம் எண்ணுடன் ஆ, ஈ இரண்டையும் கேட்கிறது. தான் சிவப்பை ஏற்றதாக 'ஆ' சொன்னதும், 'உ' தன் விருப்பத்தைக் கைவிட்டுச் சிவப்பையே முன்மொழிந்தாக வேண்டும். 'இ'யும் ஏற்றிருந்தால் மூன்று சேர்ந்து, சிவப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஏற்கவில்லை என்றாலும் இதனால் கேடொன்றுமில்லை. மாறாக, 'உ' கேட்டது இ, ஈ இரண்டை மட்டுமே என்றும், அவ்விரண்டும் எதையும் இன்னும் ஏற்கவில்லை என்றும் வைத்துக்கொண்டால், நீலத்தை முன்மொழியத் தடையில்லை. ஏனெனில் சிறிய எண்ணை இனி ஏற்பதில்லை என்று 2-க்கு வாக்குக் கொடுத்த 'இ', பிறகு தாமதமாக வந்துசேரும் 1-ஆம் எண் செய்தியை மறுத்துவிடும். யார் உயிரோடிருக்கிறார் என்ற கேள்வியையே எழுப்பாமல் காரியத்தை முடிக்கும் இந்த நுட்பம், என் பார்வையில், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறைகளைவிட அழகானது.

இருவர் மாறிமாறி எண்ணை உயர்த்திக்கொண்டே போனால் எதுவும் முடிவாகாது என்பது உண்மைதான். ஒங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் முன்வைத்த, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ராஃப்ட் அல்காரிதத்தில், தலைமைக்கான வேட்பாளர்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வதைத் தவிர்க்க, ஒவ்வொரு சர்வரும் 150 முதல் 300 மில்லிசெகண்டு வரை தற்செயலாகத் தேர்ந்த ஒரு கால அளவு காத்திருந்த பிறகே போட்டியில் இறங்குகிறது.

நடைமுறையில் அதிகம் கோட்டைவிடப்படுவது டிஸ்க். 'இ' தன் வாக்கை டிஸ்கில் உறுதியாகப் பதிந்த பிறகே பதிலனுப்ப வேண்டும். ஆனால் எழுதிவிட்டதாக ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்லும்போது தரவு பெரும்பாலும் நினைவகத்தில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு வாக்குக்கும், தரவை உடனே டிஸ்கில் எழுதவைக்கும் எஃப்சிங்க் (fsync) அழைப்பு தேவை. வேகத்துக்காக அதை அணைத்துவைத்தால், மின்சாரம் போய்த் திரும்பிய 'இ' தான் 2-க்குக் கொடுத்த வாக்கை மறந்து 1-ஐ ஏற்கும்; 'சிவப்பு', 'நீலம்' இரண்டுமே முடிவானவையாகிவிடும்.